ஸ்பானிய உணவகமும் நூற்றுக்கு ஆறு குடும்பமும்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

துபாய், டோஹா, லண்டன் என்று வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் சம்பளம் கிடைத்த கையோடு கூட்டாளிமாரோடு வெளியே சாப்பிடப் போகிறார்கள். போன இடத்து மெனுவைப் படம் பிடித்து ஊர் குரூப்பில் போட்டு, "சேர், இதில நாம எதைத் தின்னலாம்?" என்று கேட்கிறார்கள். அந்தப் படங்களில் இப்போது ஸ்பானிய உணவகங்களும் வருகின்றன. உடனே குரூப்பில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "பன்றிக்கால் தொங்குற கடையில உனக்கென்ன வேலை, எழும்பி வா" என்பது ஒன்று. "அதெல்லாம் நம்மட சாப்பாடு, அவங்களுக்குச் சாப்பிடப் படிப்பிச்சதே நாமதான்" என்பது மற்றது. முதல் கட்சிக்கு அந்தக் கால் ஏன் அங்கே தொங்குகிறது என்று தெரியாது. இரண்டாவது கட்சிக்கு, படிப்பித்ததாகச் சொல்லும் அந்த மனிதர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தெரியாது. இரண்டும் அந்த மெனுவிலேயே இருக்கின்றன. சேர்ந்து வாசிப்போம்.

மேசையில் முதலில் வருவது ஒலிவ் காய். ஸ்பானிய மொழியில் அதற்கு அஸெய்த்தூனா என்று பெயர். 'வத்தீனி வஸ்ஸைத்தூன்' என்று ஓதும் நம் சின்னப் பிள்ளைக்குக்கூட அது விளங்கும். எண்ணெய்க்கு அஸெய்த்தே, அரபியில் அஸ்ஸைத். சோறு அர்ரோஸ், அரபியில் அர்ருஸ். சீனி அஸூகார், அஸ்ஸுக்கர். குங்குமப்பூ அஸஃப்ரான், அஸ்ஸஃபரான். கத்தரிக்காய் பெரென்ஹேனா, அரபியின் பாதின்ஜான். இறைச்சி உருண்டைக்கு அல்போன்திகா. 'அல்-புந்துக்' என்ற ஒரு வகைக் கொட்டையின் பெயரிலிருந்து, அதன் உருண்டை வடிவத்தால் வந்தது. வினாகிரியில் ஊறவைத்த மீன் எஸ்கபேச்சே. பக்தாதின் அரண்மனைச் சமையலில் இருந்த 'ஸிக்பாஜ்' என்ற புளிப்புக் கறியின் வழி வந்த பெயர். தோடம்பழம் நரான்ஹா. அது அரபியில் நாரன்ஜ், பாரசீகத்தில் நாரங், அதற்கும் அப்பால் போனால் நம் வீட்டு ஊறுகாய்ப் போத்தலில் இருக்கும் நாரத்தையின் உறவுக்காரர். பழம் கிழக்கிலிருந்து மேற்கே போனபோது பெயரும் கூடவே போயிருக்கிறது.

711இல் தாரிக் பின் ஸியாத் கடல் கடந்ததிலிருந்து 1492 ஜனவரி 2இல் கிரனாடா கையளிக்கப்பட்டது வரை ஏறத்தாழ 780 ஆண்டுகள். இவ்வளவு காலம் ஒரு மண்ணில் விதைத்து, அறுத்து, சமைத்தவர்களின் சொல் அங்கே ஒட்டிக்கொள்ளாமல் போனால்தான் ஆச்சரியம்.

ஆனால் இரண்டாவது கட்சி இங்கே மார்தட்ட வேண்டாம். ஒலிவ் மரத்துக்கு ஸ்பானியப் பெயர் ஒலிவோ. அது லத்தீன். தாரிக் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்த நாட்டு ஒலிவ் எண்ணெய் கப்பல் கப்பலாக ரோமுக்குப் போனது. எண்ணெய் கொண்டுபோன மண்சாடிகளின் உடைசல் குவிந்து ரோம் நகரில் இன்றும் ஒரு குன்றாக நிற்கிறது. அந்த மெனுவிலுள்ள உருளைக்கிழங்கு தொர்த்தியா, தக்காளி கஸ்பாச்சோ, மிளகாய்த்தூள் எல்லாம் 1492க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. கிரனாடாவின் கடைசி சுல்தான் தன் ஆட்சிக்காலத்தில் தக்காளியைக் கண்டிருக்க வழியில்லை.

வட்ஸ்அப்பில் ஸிர்யாப் பற்றி ஒரு செய்தி சுற்றும். கோப்பு முதலில், பிறகு இறைச்சி, கடைசியில் இனிப்பு என்று உலகத்துக்குச் சாப்பாட்டு ஒழுங்கைக் கற்பித்தவர் அவர்தான் என்று. ஸிர்யாப் உண்மையான ஆள். பக்தாதிலிருந்து வந்த இசைக் கலைஞர், 822இல் குர்துபாவுக்கு வந்து இரண்டாம் அப்துர் ரஹ்மானின் அரண்மனையில் பெரும் செல்வாக்கோடு இருந்தவர். ஆனால் அவரைப் பற்றிய கதைகளில் நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அல்-மக்கரி என்ற வரலாற்றாசிரியர் பழைய நூல்களைத் தொகுத்து எழுதியது. அவர் வாழ்ந்தது 17ஆம் நூற்றாண்டில். இடையில் 800 ஆண்டு. 'ஸிர்யாப் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது' என்று எழுதினால் போதும். அந்தலுஸின் சமையலை அறிய வேண்டுமென்றால் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சமையல் நூல்களே இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எழுதிய இப்னு ரஸீன் அத்துஜீபி முர்ஸியாவில் பிறந்தவர். கிறிஸ்தவப் படைகளிடம் ஊர் போனபின் புலம்பெயர்ந்து தூனிஸில் வாழ்ந்து இறந்தார். தன் நாட்டுக் கறிகளை அவர் எழுதிவைத்தபோது அந்த நாடு அவருக்கு இல்லை.

இனி அந்தப் பன்றிக்கால். ஹமோன் என்பார்கள். உப்பிட்டு மாதக்கணக்கில் உலர்த்திய தொடை. அங்கே மதுக்கடை உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும். மாட்ரிட் நகரின் போத்தின் உணவகம் 1725இல் தொடங்கியது. உலகிலேயே மிகப் பழைய உணவகம் என்று கின்னஸ் பதிந்திருக்கிறது. அங்கும் பேர்போன சாப்பாடு விறகு அடுப்பில் வாட்டிய பன்றிக்குட்டிதான். குளிரான மலைப்பகுதி, ஓக் காடு, அதன் கொட்டை தின்று வளரும் பன்றி. இறைச்சியைப் பதப்படுத்த அந்த நாட்டுக்கு வாய்த்த வழி அது. ரோமர் காலத்திலும் இருந்தது. ஆகவே முஸ்லிம்களைச் சீண்டுவதற்காகவே தொங்கவிட்டார்கள் என்று சொல்வது பிழை.

ஆனால் 16ஆம் நூற்றாண்டில் அதற்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. கிரனாடா உடன்படிக்கையில் மார்க்கத்தைப் பின்பற்றலாம் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். பத்தாண்டு தாங்கவில்லை. 1502இல் காஸ்தீல் முழுவதும் ஞானஸ்நானம் அல்லது நாடு கடத்தல் என்றாயிற்று. 1526 அளவில் வலென்சியா, அரகோன் பகுதிகளுக்கும் அதே கதி. ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம்களை 'மொரிஸ்கோ' என்று அழைத்தார்கள். பெயர் மாறிவிட்டது, மனம் மாறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மத விசாரணை மன்றம் அடுப்படியைப் பார்த்தது. பன்றி இறைச்சியை ஒதுக்குபவர், வைன் குடிக்காதவர், ரமழானில் பகலில் புகை எழும்பாத வீடு, கிப்லாவை நோக்கி அறுப்பவர், பன்றிக் கொழுப்புக்குப் பதிலாக ஒலிவ் எண்ணெயில் பொரிப்பவர், தரையில் அமர்ந்து உண்பவர் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள். குஸ்குஸ் சமைத்ததுகூட விசாரணைப் பதிவுகளில் குற்றச்சாட்டாக வருகிறது. காட்டிக்கொடுப்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டார், வேலைக்காரி. அந்தக் காலத்தில் மொரிஸ்கோவுக்கு விருந்து அழைப்பு வந்தால் அது பரீட்சைக்கு அழைப்பு. தட்டில் வைத்ததை மென்று விழுங்க வேண்டும். முகம் சுளிக்கவும் கூடாது.

1504இல் வட ஆபிரிக்காவிலிருந்து ஓர் அறிஞர் அவர்களுக்கு ஒரு பத்வா அனுப்பினார். ஒரானைச் சேர்ந்தவர் என்பதால் அதை ஒரான் பத்வா என்பார்கள். தொழுகையைச் சைகையாலேனும் நிறைவேற்றுங்கள். பன்றி இறைச்சியைத் தின்ன வற்புறுத்தினால், அது அசுத்தம் என்று உள்ளத்தில் வெறுத்தபடி தின்னுங்கள் என்பது அதன் சாரம். வழக்கமான தீர்ப்பு அதுவல்ல, நாட்டைவிட்டு ஹிஜ்ரத் செய்யுங்கள் என்று சொன்ன உலமாக்களும் இருந்தார்கள். ஆனால் கப்பலுக்குக் காசில்லாத உம்மாமாருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பத்வாதான் கையில் கிடைத்தது. நம் ஸ்பெயின் வரலாற்றுப் பேச்சுகளில் அல்ஹம்ரா மாளிகை வரும், குர்துபா பள்ளிவாசல் வரும், இது வருவதில்லை. நம்மைக் கேட்டால் அந்தத் தூண்களைவிட இந்தக் கடிதத்தையே முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 2013இல் நம் நாட்டில் ஒரு ஹலால் இலச்சினைக்காக நாம் பட்டபாட்டை நினைத்துக்கொண்டு வாசித்தால், இரண்டும் ஒரே அளவு இல்லை என்றாலும், எங்கோ ஒரு நரம்பு தொடும்.

இந்தப் பரீட்சையை ஸ்பானிய இலக்கியத்தின் தலைமகனே எழுதியிருக்கிறார். செர்வாந்தேஸின் 'தொன் கிஹோத்தே' இரண்டாம் பாகம் 1615இல் வந்தது. அதில் ரிக்கோத்தே என்ற மொரிஸ்கோக் கடைக்காரன் வருகிறான். நாடு கடத்தப்பட்டவன், ஜெர்மன் யாத்திரிகரோடு சேர்ந்து மாறுவேடத்தில் ரகசியமாகத் திரும்புகிறான். வழியில் பழைய ஊரவன் சாஞ்சோவைக் கண்டு கட்டிப்பிடிக்கிறான். எல்லோரும் புல்லில் அமர்ந்து உண்கிறார்கள். பாண், உப்பு, சீஸ், ஒலிவ், அவற்றோடு சதையே இல்லாத பன்றித்தொடை எலும்புகள், சூப்புவதற்கு. வைன் தோற்பைகளும் உண்டு, ரிக்கோத்தேயும் குடிக்கிறான். பிறகு தனியே அழைத்துப் போய் அழாத குறையாகப் பேசுகிறான்: எங்கே போனாலும் ஸ்பெயினை நினைத்துத்தான் அழுகிறோம், பிறந்த மண் அதுதானே என்று. அரசன் செய்தது சரிதான் என்றும் அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார் செர்வாந்தேஸ். 1615இல் அச்சேற வேண்டுமென்றால் அப்படி ஒரு வரி தேவைப்பட்டிருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். சாஞ்சோ அவனுக்கு உதவ மறுக்கிறான். ஆனால் காட்டிக்கொடுக்கவுமில்லை.

இப்போது பெரிய தட்டுக்கு வருவோம். ஸ்பானிய உணவகம் என்றாலே நம் பிள்ளைகள் படம் அனுப்புவது பாயேயாவைத்தான். அகன்ற இரும்புத் தாச்சியில் மஞ்சள் சோறு. அதன் பெயர் அரபியின் 'பகிய்யா', அதாவது மிச்சம் என்பதிலிருந்து வந்தது, அரண்மனை வேலைக்காரர் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை, உண்மையில்லை. தாச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது. இன்று நாம் அறியும் பாயேயாவும் 19ஆம் நூற்றாண்டில் வலென்சியா வயல்காரர் பகல் சாப்பாடாகச் சமைத்ததிலிருந்து வளர்ந்தது. அப்போது அங்கே முஸ்லிம்கள் இல்லாமல் போய் 200 ஆண்டாகிவிட்டது.

ஆனால் தாச்சிக்குள் இருப்பது? நெல்லை அந்த மண்ணில் பயிராக்கியவர்கள் முஸ்லிம்கள். வலென்சியாவின் நெல் வயல்கள் அல்புஃபேரா என்ற களப்பைச் சுற்றியிருக்கின்றன. அல்-புஹைரா, சிறு கடல் என்று பொருள். வாய்க்காலுக்கு ஸ்பானியப் பெயர் அசெக்கியா, அரபியின் அஸ்ஸாகியா. நீரிறைக்கும் சக்கரம் நோரியா, அந்நாஊரா. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பகல் 12 மணிக்கு வலென்சியாப் பேராலய வாசலில் நீர் நீதிமன்றம் கூடுகிறது. அந்தப் பேராலயம் நிற்பது பழைய பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில். வாய்க்கால்களின் சார்பில் விவசாயிகளே தெரிவு செய்த நீதிபதிகள் கறுப்பு மேலங்கியோடு வட்டமாக உட்காருகிறார்கள். யார் முறை மாறித் தண்ணீர் எடுத்தான், யார் வாய்க்காலைத் துப்புரவாக்கவில்லை என்பதுதான் வழக்கு. எல்லாம் வாய்ப்பேச்சு, அங்கேயே தீர்ப்பு, மேன்முறையீடு கிடையாது. முஸ்லிம்களின் காலத்திலிருந்து தொடர்வது என்பது அந்த ஊர் மரபு. வெள்ளிக்கு முதல் நாள் கூடுவதற்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். 2009இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. வட்டவிதானைமாரின் சத்தத்தையும், ஆரம்பக் கூட்டத்தில் கடைக்கண்டத்துக்காரர் தண்ணீருக்குப் போடும் சண்டையையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

1609 செப்டெம்பர் 22. வலென்சியாவில் அரச ஆணை வாசிக்கப்பட்டது. மொரிஸ்கோக்கள் எல்லோரும் மூன்று நாளுக்குள் துறைமுகங்களுக்குப் போக வேண்டும். கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுபோகலாம். வீடும் வயலும் நிலப்பிரபுக்களுக்கு. அன்று வலென்சிய இராச்சியத்து மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இவர்கள். 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து சுமார் 300,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள்.

அதே ஆணையில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நூறு குடும்பத்துக்கு ஆறு குடும்பம் நிற்கலாம். எதற்கு? வீடுகளைப் பராமரிக்க, சீனி ஆலைகளை நடத்த, நெல் அறுவடையைப் பார்க்க, நீர்ப்பாசனத்தைக் காக்க. புதிதாக வரும் குடியேறிகளுக்கு அதெல்லாம் விளங்கும்வரை. ஆணையை எழுதியவர்களுக்கு நெல்லை விளைவித்தது யார், வாய்க்காலின் மதகு எந்த நேரம் திறக்க வேண்டும் என்பது யாருக்குத் தெரியும் என்பதெல்லாம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் நூற்றுக்கு ஆறு என்று கணக்குப் போட்டார்கள். 'ஸ்பெயினுக்கு நாம் சோறு கொடுத்தோம்' என்று குரூப்பில் எழுதுபவர்கள் இந்த ஆறையும் சேர்த்து எழுத வேண்டும். நம் பங்களிப்பைப் பட்டியல் போட்டுக் காட்டினால் மற்றவர்கள் நம்மை மதிப்பார்கள், விட்டுவைப்பார்கள் என்று மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். வலென்சியாவில் அந்தப் பட்டியல் அரசனின் கையிலேயே இருந்தது.

அந்த அரசன் யார்? மூன்றாம் பிலிப். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே அரசன். ஆகவே 1609இல் கொழும்புக் கோட்டையில் இருந்த போர்த்துக்கேயரும் அவனுடைய பிரஜைகள்தான். அதற்கு முன்பு, 1496 டிசம்பரில், போர்த்துக்கல் மன்னன் மனுவேல் தன் நாட்டு யூதர்களையும் முஸ்லிம்களையும் வெளியேறச் சொல்லி ஆணையிட்டிருந்தான். 1505இல் நம் கரைக்கு வந்ததும் அதே மனுவேலின் கப்பல். வந்தவர்கள் இங்கே நம் மூதாதையரைக் கண்டு, தம் ஊரில் விரட்டியவர்களுக்கு வைத்திருந்த பெயரையே வைத்தார்கள்: மௌரோ. ஸ்பானியத்தில் மோரோ. பிறகு ஆங்கிலத்தில் மூர். நம் பிறப்புச் சான்றிதழில் 'இலங்கைச் சோனகர்' என்றிருப்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது இன்றும் அந்தச் சொல்தான் வருகிறது. மொரிஸ்கோ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்தது.

1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்போதும் அரசன் ஸ்பெயினில், மூன்றாம் பிலிப்பின் மகன். வெளியேற்றப்பட்டவர்களில் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியேற்றினான் என்று நம் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கிழக்கில் அதற்கு முன்பும் நம்மவர் இருந்தார்கள். வந்தவர்கள் அவர்களோடு சேர்ந்து வயலில் இறங்கினார்கள். மொரிஸ்கோக்களுக்கு அப்படி ஒரு செனரத் தன் மண்ணுக்குள் கிடைக்கவில்லை. கடலைத் தாண்ட வேண்டியிருந்தது. அவர்களில் பலர் தூனிசியாவில் தெஸ்தூர் போன்ற ஊர்களை உண்டாக்கினார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 பேரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். வலென்சியாக்காரருக்கு மூன்று நாள்.

பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு இனியாவது பதில் சொல்ல வேண்டும்.

அசல் வலென்சியப் பாயேயாவில் கோழி, முயல், போஞ்சி, பெரிய வெள்ளை அவரை, தக்காளி, ஒலிவ் எண்ணெய், குங்குமப்பூ. பன்றி இல்லை. வெளிநாட்டுச் சமையல்காரர் அதில் சொரிசோ என்ற பன்றி சொசேஜைப் போட்டால் வலென்சியாக்காரருக்கே கோபம் வரும். ஆனால் நீங்கள் போகும் கடை வலென்சியாவில் இல்லை, ஆகவே கேளுங்கள். கோழி எங்கே அறுத்தது, சோறு வெந்த சாறு எதில் காய்ச்சியது என்று கேளுங்கள். கடலுணவுப் பாயேயா ஓரளவு சுலபம், அதிலும் வைன் ஊற்றினார்களா என்று கேட்க வேண்டும். பழைய முறைப்படி அதைத் தட்டில் பரிமாறுவதில்லை. தாச்சியை நடுவில் வைத்து, சுற்றியிருந்து, ஆளுக்கொரு கரண்டியால் தன் முன்னாலுள்ள பங்கை மட்டும் எடுத்து உண்பார்கள். பக்கத்தவர் பங்குக்குள் கரண்டி போகக் கூடாது. சஹனில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அடிப்பிடித்த சோற்றுக்கு அங்கேயும் போட்டி உண்டு.

கத்தரிக்காய்ப் பொரியலில் கரும்புப் பாணி ஊற்றித் தருவார்கள், பெரென்ஹேனாஸ் கோன் மியேல். செவில்லியா வழிக் கடலையும் கீரையும் கேட்டு வாங்கலாம். இரண்டிலும் அந்தலுஸின் வாசம் நிறைய இருக்கிறது.

இனிப்பில் கவனம். தொசினோ தெ சியெலோ என்று ஒன்று இருக்கும். மொழிபெயர்த்தால் 'சொர்க்கத்தின் பன்றிக்கொழுப்பு'. பெயரைக் கேட்டு ஓட வேண்டாம். முட்டை மஞ்சள் கருவும் சீனிப்பாகும் மட்டும்தான், நம் வட்டிலப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சேராத ஒரு தம்பி மாதிரி. பக்கத்தில் போல்வொரோன் என்று, வாயில் வைத்தால் மாவாக உதிரும் ஒரு பிஸ்கட் இருக்கும். பெயரில் ஒன்றுமில்லை, பார்க்க நம் பெருநாள் பலகாரம் போலவே இருக்கும். பழைய முறையில் அது பன்றிக் கொழுப்பில் பிசைந்தது. வெயிட்டரிடம் இரண்டு சொல் போதும். மன்தேகா என்றால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. மன்தேக்கியா என்றால் பட்டர். எதைப் போட்டது என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.